திராட்சைச் சாறுன்னு சொல்லிடு

அத்தியாயம் 11

போன வாரம் நம் பார்சல் அக்காவை அடுக்களையில், காதில் போனும் கையில் மாவுக் கரண்டியுமாக நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக நின்ற காலில் நிற்கிறாள். முதலில் அவளை உட்கார வைப்போம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பார்சல் ஆபீஸில் மூன்றாம் நம்பர் கவுன்ட்டரில் இருப்பதால் அவள் எல்லாருக்கும் பார்சல் அக்கா. வயது ஐம்பத்து மூன்று. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கணவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, டைல்ஸ் கடை வைத்திருக்கிறான்.

வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் தனியாகச் சாப்பிடுகிறவளுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு நாள்தான் பந்தி. அதுவும் தம்பி வீட்டில், தம்பியின் மாமனார் வீட்டுக் கூட்டத்தோடு. அந்தப் பந்திக்கு அவள் கொண்டு போவது ஒரு பழக் கேக். கணவர் சொல்லிக் கொடுத்த பக்குவம். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை உலர்ந்த பழங்களைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, தலை மூழ்க ரம் ஊற்றி மூடிவிட வேண்டும். அந்த மனிதர் குடிக்கிறவர் இல்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு பாட்டில் வாங்குவார், அதையும் பழத்துக்கே ஊற்றிவிடுவார். "பழம் குடிச்சிட்டுக் கிடக்கட்டும், நாம தெளிவா இருப்போம்" என்பார்.

இதில் என்ன வம்பு என்கிறீர்களா? தம்பியின் மாமனார் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். ஏழு வருஷத்துக்கு முன்னால் தம்பி புது மாப்பிள்ளையாக இருந்தபோது, அக்கா அடுக்களையில் இருந்த நேரத்தில் கேக்கை வாயருகே கொண்டு போன மாமனார், "இதுல தப்பா ஒண்ணும் கலக்கலையே மாப்பிள்ளே?" என்று கேட்டார். தம்பி பதறிப்போய், "திராட்சைச் சாறு மாமா" என்று சொல்லிவிட்டான். ஒரு துளிகூட நாக்கில் பட்டதில்லை என்பதால் ரம் எப்படி இருக்கும் என்பது மாமனாருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு மூக்கடைப்பு வேறு. "தொண்டையில என்ன இதமா இறங்குது!" என்று நாலு துண்டு தின்றார். ஏழு கிறிஸ்துமஸாக நாலு நாலு துண்டு தின்று வருகிறார்.

இந்தக் கூத்து எதுவும் அக்காவுக்குத் தெரியாது. இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் தம்பி போன் பண்ணிச் சொல்லித்தான் தெரியும். மாமனாருக்கு இந்த வருஷம் ஒரு யோசனை வந்திருக்கிறது. மதுவிலக்குச் சங்கத்தின் புத்தாண்டு மலரில் அந்தக் கேக்கின் செய்முறையைப் போட வேண்டுமாம்.

"நாளைக்கு நீ கேக் கொண்டு வரும்போது நோட்டோட உக்காந்திருப்பார். கோவிச்சுக்காதேக்கா. திராட்சைச் சாறுன்னு சொல்லிடு."

அங்கேதான் அவளை நிறுத்திவிட்டுப் போனோம்.

அவள் "சரிடா" என்றுதான் சொன்னாள். தம்பி என்ன கேட்டாலும் அவளுக்கு வருகிற முதல் சொல் அதுதான். போனை வைத்துவிட்டுத் திரும்ப மாவுக்கு வந்தாள். அவர்கள் வீட்டில் கேக் மாவை ஒருவரே கிண்டக் கூடாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் மூன்று சுற்றுக் கிண்ட வேண்டும். கணவர் இருந்தபோது பக்கத்து வீட்டாரைக்கூட இழுத்து வந்து கிண்ட வைப்பார். கூப்பிட ஆளில்லாததால் எல்லார் பங்கையும் இப்போது அவளே கிண்டினாள். தன் பங்கு, அவர் பங்கு, தம்பி பங்கு, தம்பி மனைவி பங்கு, கடைசியில் சம்பந்தி, அதாவது தம்பியின் மாமனார் பங்கு. அந்த மனிதரின் பங்கைக் கிண்டும்போது மட்டும் கரண்டி கொஞ்சம் தயங்கியது.

மறுநாள் காலையில் தோள்பட்டை தூக்க முடியவில்லை.

*

"உள்ளே என்ன இருக்கு?"

கவுன்ட்டரில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கேள்வி. கேட்டே ஆக வேண்டும், விதி. மற்ற மாதங்களில் சட்டை, செருப்பு, புத்தகம் என்று பதில் வரும். டிசம்பரில் ஊர் உலகத்துச் சமையலறை எல்லாம் அவள் தராசின் மேல் ஏறி இறங்கும்.

ஒரு நர்ஸ் அட்டைப் பெட்டி நிறைய இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்தாள். வீடு மாதிரி, மரம் மாதிரி, மனுஷன் மாதிரி வெட்டிச் சுட்டது. "மனுஷனுக்குக் கால் உடைஞ்சுடாம பாத்துக்குங்க" என்று கெஞ்சினாள். ஒரு வயதான தம்பதி உப்பிட்டுக் காயவைத்த மீனை எட்டுச் சுற்றுக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள். காகிதம் எட்டு இருந்தும் மீன் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு மீனா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்ல முந்தின நாள் கறியே எடுக்க மாட்டோம்மா. மீன் இல்லேன்னா எங்க பொண்ணுக்குக் கிறிஸ்துமஸே இல்லை. போன இடத்துல இது கிடைக்கலையாம்."

"இன்னிக்குப் போட்டா புத்தாண்டுக்குத்தானே போய்ச் சேரும்?"

"சேரட்டும். நாங்க மறக்கலைன்னு தெரிஞ்சா சரி" என்றார் பெரியவர்.

அடுத்து ஒரு இளைஞன். துண்டில் சுற்றிய பொட்டலத்தைக் குழந்தையை வைப்பதுபோல வைத்தான்.

"உள்ளே என்ன இருக்கு?"

"ஊறுகாய்ங்க."

"ஊறுகாய் எங்கே இப்படிச் சலசலன்னு ஆடுது?"

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அம்மா வீட்ல போட்ட வைனுங்க. அண்ணனுக்கு. வருஷா வருஷம் ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் சாப்பிட உக்காருவோம்."

திரவம் எடுக்க மாட்டோம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மற்ற நாளாக இருந்தால் பொய் சொன்னதற்கு நாலு வார்த்தை கூடுதலாகக் கொடுத்திருப்பாள். இன்றைக்கு அவளுக்கு அந்த யோக்கியதை இல்லை. தானே மத்தியானம் இப்படி ஒரு ஊறுகாய்ப் பொய்யோடுதான் போகப் போகிறாள்.

கடைசியாக வந்த பெண்மணி துணியில் கட்டி வேகவைத்த புட்டிங் கொண்டுவந்திருந்தாள். மாவுக்குள் ஒரு காசு வைத்து வேகவைப்பார்களாம். யார் வாயில் காசு அகப்படுகிறதோ அவர்களுக்கு வருஷம் முழுக்க யோகமாம். சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி சும்மா போகாமல், "உங்க வீட்ல என்னங்க ஸ்பெஷல்?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பழக் கேக். நானே செய்வேன்."

"எத்தனை பேரு வீட்ல?"

"பதினோரு பேரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதினொன்று என்பது நாளைக்குத் தம்பி வீட்டுப் பந்திக் கணக்கு. அவள் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். ரசீதைக் கிழித்து நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பன்னிரண்டு மணிக்குக் கவுன்ட்டரை மூடினாள்.

*

அவள் வீட்டில் கேக் சுடுகிற ஓவன் கிடையாது. அந்தத் தெருக்காரர்கள் பலருக்கும் கிடையாது. அதனால் டிசம்பர் கடைசியில் மாவைத் தகர டப்பாவில் ஊற்றி முனைப் பேக்கரியில் கொடுத்துவிடுவார்கள். பேக்கரிக்காரர் தன் ரொட்டி இறங்கிய சூட்டிலேயே எல்லா வீட்டுக் கேக்கையும் சுட்டுக் கொடுப்பார். காகிதச் சீட்டு வைத்தால் கருகிவிடும் என்பதால் ஒவ்வொரு தகரத்திலும் ஆணியால் ஒரு கீறல் இருக்கும். ஒரு வீட்டுக்குப் பெருக்கல் குறி, இன்னொரு வீட்டுக்கு வட்டம். அக்காவின் தகரத்தில் கணவர் கீறிய, லிஃப்ட் பொத்தானில் இருக்குமே அதுபோல மேல்நோக்கிய ஒரு அம்பு.

"வாங்க அம்புக்குறி அக்கா" என்றார் பேக்கரிக்காரர். "நேத்து ராத்திரி அடுப்பைத் திறந்தேன் பாருங்க, நமக்கே தலை சுத்திடுச்சு."

அவள் தகரத்தின் மூடியை இறுக்கி அழுத்தினாள். "அவ்வளவுக்கா மணக்குது?"

"தெருமுனை வரைக்கும். ஏன், மணக்கக் கூடாதா?"

"இல்லை, சும்மாதான் கேட்டேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டாள். தூறல் அடித்தது. பரவாயில்லை என்று நனைந்தாள். பக்கத்துச் சீட்டுக்காரர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கேக் என்று சொல்லியிருப்பாள். கேட்காமலே எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். வாழ்க்கையில் சோடாவுக்கு மேல் தொட்டறியாத அந்த மனுஷி, பட்டப்பகலில் குடிகாரி என்று பெயரெடுத்துக்கொண்டு போனாள்.

பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டாள். திராட்சைச் சாறுங்கய்யா. கறுப்புத் திராட்சைச் சாறுங்கய்யா. முப்பது வருஷமாக அடுத்தவர் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவளுக்குத் தன் பொய் வாயில் நிற்கவில்லை.

*

தம்பி வீட்டில் வாசலிலேயே வறுத்த வெங்காய வாசனை வந்தது. தம்பி மனைவி மேஜை விரிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி, நனைஞ்சுட்டீங்களே" என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள். "அண்ணி, ஒண்ணு கேக்கணும். நாளைக்கு நாற்காலி ஒண்ணு குறையுது. உங்களுக்குச் சின்ன ஸ்டூல் போட்டாப் பரவாயில்லையா?"

"எனக்கென்னம்மா, நின்னுக்கிட்டே கூடச் சாப்பிடுவேன்."

சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. மேஜையின் ஓரத்தில் அந்த ஸ்டூல் ஏற்கெனவே போட்டிருந்தது. நாளை ஒரு மணிக்குத் தனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்ததும் அவளுக்குத் தோள் வலிகூட மறந்துபோயிற்று.

தம்பி கூடத்தில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தி, "ஞாபகம் இருக்குல்ல?" என்பதுபோலப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் சம்பந்தி. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் அந்த ஸ்தானம் என்பதால் கல்யாணத்தன்று அவரும் அவளும்தான் தாம்பாளம் மாற்றிக்கொண்டார்கள். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நோட்டும் இரண்டு பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. உங்களுக்காகத்தான் ஒரு மணி நேரமா காத்துக்கிட்டிருக்கேன். முதல்ல ஒரு துண்டு வெட்டுங்க. சாப்பிட்டுக்கிட்டே எழுதினாத்தான் எழுத்து நல்லா வரும்."

வெட்டிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா" என்றார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"பழம் எவ்வளவு?"

"ஒண்ணேகால் கிலோங்கய்யா. திராட்சை, பேரீச்சை, அத்தி, ஆரஞ்சுத் தோல்."

"எதுல ஊறப் போடணும்?"

தம்பி இருமினான்.

"திராட்சைச் சாறுங்கய்யா" என்றாள். சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

"எவ்வளவு நேரம்?"

இதற்குத்தான் அவள் ஒத்திகை பார்க்கவில்லை. உண்மை தானாக வந்து விழுந்தது. "அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமையே போட்டுடுவேங்க. மூணு மாசம் ஊறும்."

சம்பந்தி எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "மூணு மாசமா? ஃபிரிட்ஜ்லயா?"

"இல்லீங்கய்யா, அலமாரியில. வாரா வாரம் ஜாடியைக் குலுக்கி விடணும்."

"அதெப்படிம்மா? எங்க வீட்ல சாறு மூணு நாள் வெளியில இருந்தா நுரைச்சுப் போகுது. நூறு வீட்ல இதைப் படிச்சிட்டுச் செய்வாங்க. கெட்டுப் போச்சுன்னு நாளைக்கு எனக்குக் கடிதாசி போடுவாங்களே? கெடாம இருக்க என்ன போடறீங்க?"

அவர் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. வெள்ளந்தியாகத்தான் கேட்டார். நூறு வீட்டில் பழம் பூஞ்சை பிடிக்கக் கூடாதே என்ற கவலை அவருக்கு. அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். அவனே போட்ட டைல்ஸ்தான், அதில் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை.

"அய்யா" என்றாள். "திராட்சைச் சாறு இல்லீங்கய்யா. ரம்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

சம்பந்தி கையிலிருந்த மிச்சத் துண்டைப் பார்த்தார். அதைத் தட்டில் வைத்தார். கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்தார், விரல்களைத் துடைத்தார், திரும்பவும் உதட்டைத் துடைத்தார்.

"ஐம்பத்திரண்டு வருஷம்" என்றார். "வெளியூருக்கு வேலைக்குப் போன எங்கண்ணன் அங்கேயே குடிச்சுக் குடிச்சுப் போய்ச் சேந்தான். முகத்தைக்கூட நாங்க பாக்கலை. எங்கம்மா கையில அடிச்சு நான் சத்தியம் பண்ணப்ப எனக்குப் பதினாறு வயசு. ஐம்பத்திரண்டு வருஷமா..." பிறகு திடீரென்று எழுந்து நின்றார். "ஏழு வருஷமா யாரு என்னை இப்படி முட்டாளாக்கினது? மாப்பிள்ளே, நீங்கதானே சாறுன்னு சொன்னீங்க?"

தம்பியின் வாய் திறந்தது. கண் அக்காவிடம் போயிற்று. சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு நிற்பானே, அதே முழி. அந்த முழியை அவளால் எந்தக் காலத்திலும் தாங்க முடிந்ததில்லை.

"அவனுக்குத் தெரியாதுங்கய்யா" என்றாள் அக்கா. "நான்தான் அவன்கிட்ட அப்படிச் சொல்லி வச்சிருந்தேன். ரம்னா நீங்க யாரும் தொட மாட்டீங்களேன்னு. தப்பு என்னோடதுதான்."

தம்பி மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். "எப்படி அண்ணி உங்களுக்கு மனசு வந்தது? அப்பா எங்களை எப்படி வளர்த்தார்னு தெரியுமா? நல்ல வேளை, இவருக்கே தெரியாது. இவரும் சேந்து ஏமாத்தியிருந்தா நான் இந்த வீட்ல இருந்திருக்கவே மாட்டேன்."

சம்பந்தி அக்காவைத் திட்டு திட்டு என்று திட்டினார். பெரியவளாயிற்றே, ஒரு சொந்தம் என்று நம்பினேனே, அடுத்தவன் சத்தியத்தில் விளையாடலாமா என்று கேட்டார். ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. கடைசியில் அவர் நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். குழாயில் அவர் வாய் கொப்பளிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. தம்பி மனைவி கேக்கைத் தகரத்தில் திரும்ப வைத்து மூடி, அவளைப் பார்க்காமலே நீட்டினாள்.

*

தம்பி வெளிக் கேட் வரைக்கும் வந்தான்.

அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் மெதுவாகவே நடந்தாள். "மன்னிச்சிடுக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடுவாள். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் சொன்னான்:

"மூணு மாசம்னு உன்னை யாருக்கா சொல்லச் சொன்னா? மூணு நாள்னு சொல்லியிருந்தா எழுதிக்கிட்டுப் போயிருப்பார்."

"தோணலைடா."

"சரி விடு." செருப்பால் ஒரு கல்லை உருட்டினான். "நாளைக்கு... உன்னை வரவேண்டாம்னு நான் சொல்லலை. மாமா இருக்கிற நிலைமையைப் பாத்தியா? நீ எதிர்ல உக்காந்தா அவருக்குச் சோறு இறங்காது. அவளும் அழுதுக்கிட்டே இருக்கா."

"புரியுதுடா."

"புத்தாண்டுக்குள்ள எல்லாம் ஆறிடும். நாளைக்குச் சாயங்காலம் சாப்பாடு கட்டிக் கொண்டாந்து தரவா?"

"வேணாம்டா. நீ உள்ளே போ, தேடப் போறாங்க."

அவன் உள்ளே போனான். இந்த இடத்தில் அவனைப் பிடித்து நாலு சாத்து சாத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான். ஆனால் அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவனுக்கு முன்னால் யாராவது ஒருவர் நின்றுகொண்டே இருந்தால் அவனுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? அக்கா அவன் நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்படி நின்றுகொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. எதிர் வீட்டில் வண்ண விளக்குப் போட ஏணியில் ஒருவர் ஏறியிருந்தார், கீழே நின்று நாலு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைத் திறந்து, கேக்கை மேஜைமேல் வைத்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். பாதி முட்டைக்கோஸும் இரண்டு முட்டையும் இருந்தன. நாளைக்குத் தம்பி வீட்டில் சாப்பாடு என்பதால் வேறு எதுவும் வாங்கி வைக்கவில்லை.

தனியாக இருப்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டுத் தனியாக இருப்பது புதிது. அதை எப்படித் தாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நனைந்த துணியைக்கூட மாற்றாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழுகிற சத்தம் அந்த வீட்டில் பெரிதாகக் கேட்டது. யாருக்கும் கேட்கப் போவதில்லை என்பதால் அடக்கவும் இல்லை.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. தம்பி என்று நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"நான்தாம்மா. உங்க தம்பியோட மாமனார்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அய்யா..."

"எனக்குக் கோபம் தீரலை. அதை முதல்லயே சொல்லிடறேன்."

"தீராதுங்கய்யா. நியாயம்தான்."

"ஆனா ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. ஏழு வருஷம் ஏமாந்தவன் நான், குதிச்சேன். என் பொண்ணு அழுதா. உங்க தம்பியும் உங்ககிட்ட ஏமாந்தவர்தானே? ஏன்க்கா இப்படிப் பண்ணினேன்னு அவர் ஒரு வார்த்தை கேக்கலையேம்மா. ரம்னு நீங்க சொன்னப்ப எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. அவர் முகத்துல அந்த அதிர்ச்சியே இல்லை."

அக்கா போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு உங்க வீட்டுக்கு வரேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லலை. கேக் வேண்டாம். ஒரு டீ போட்டு வைங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, போதும்."

"அய்யா, கிறிஸ்துமஸ் அன்னிக்கா..."

"கிறிஸ்துமஸ் அன்னிக்குத்தான். மனசுல முள்ளை வச்சுக்கிட்டு என்னால சாப்பிட உக்கார முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனைப் பிடித்தபடியே நின்றாள். பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். கணவர் போன பிறகு கிறிஸ்துமஸ் அன்று இந்த வீட்டுக்கு வருகிறேன் என்று ஒருவர் சொல்வது இதுதான் முதல் தடவை. அதற்குள் கண் தானாக அலமாரியில் நல்ல கோப்பை எங்கே என்று தேடிவிட்டது. அப்புறம்தான் வருகிறவர் எதைக் கேட்க வருகிறார் என்பது மனதில் ஏறியது. தம்பி மனைவி அழுதுகொண்டே சொன்ன அந்த வார்த்தையும் ஏறியது. உண்மையைச் சொன்னால் அந்த வீடு என்ன ஆகும்? சொல்லாவிட்டால் வருகிற ஒரே மனிதரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கையிலிருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. தம்பியிடமிருந்து செய்தி.

"மாமா மொட்டை மாடிக்குப் போய் யாருக்கோ போன் பண்ணினார். உனக்கா? என்ன கேட்டாலும் நீதான்னே சொல்லிடு. ப்ளீஸ்க்கா."

இரண்டு தடவை படித்தாள். பதில் எழுதுகிற கட்டத்தில் விரலை வைத்தாள். 'சரிடா' என்று அடித்தாள். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.